பார்க் இல்லாத பார்க் டவுன்: ‘பொது’ என்ற சொல்லும் ஒரு தோட்டத்தின் கதையும்

சென்னையில் பார்க் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பார்க் டவுன் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. பார்க் டவுன் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. பார்க்தான் இல்லை. கடற்கரை - தாம்பரம் வண்டியில் ‘பார்க்ல எறங்கிக்கலாம்’ என்று சொல்லி இறங்குகிறவர்கள் யாரும் அங்கே மரத்தையோ புல்தரையையோ தேடுவதில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று சசூர் சொன்னதை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். நான் நன்னூல் படித்தவன். இது இடுகுறிப்பெயர் அல்ல, காரணப்பெயர். காரணத்தை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்தக் காரணம் 1859இல் உருவானது. அன்றைய சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் திட்டமிட்ட ‘பீப்பிள்ஸ் பார்க்’. ஏறக்குறைய 116 ஏக்கர். பதினோரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்கு உள்சாலைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க மேடை, குளியல் இடம், மிருகக்காட்சி சாலை. இன்றைய பெரியார் ஈ.வெ.ரா. சாலைக்கு வடக்கே, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சூளை, வேப்பேரிப் பக்கம் வரை கிடந்த நிலம் அது. இப்போது அந்த நிலத்தில் ரிப்பன் கட்டிடம், விக்டோரியா பப்ளிக் ஹால், நேரு ஸ்டேடியம், புறநகர் ரயில் முனையம், அல்லிக்குளம் வளாகம் எல்லாம் நிற்கின்றன. பூங்கா என்று சொல்லும்படியாக மிஞ்சியது மை லேடீஸ் பார்க் என்ற ஒரு துண்டு.

இந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு வழக்கமான பாணி உண்டு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ‘மெட்ராஸ் டே’ வரும்போது அதைப் பார்க்கலாம். பழுப்பு நிறப் புகைப்படம், எவ்வளவு அழகான நகரம், எவ்வளவு நல்ல துரைமார், பிறகு கூட்டம் பெருகிற்று, ஆக்கிரமிப்பு வந்தது, எல்லாம் போயிற்று என்கிற ஒப்பாரி. இந்த ஒப்பாரியில் எனக்குப் பங்கில்லை. இந்தப் பூங்காவைத் தின்றது ‘கூட்டம்’ அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. ‘பொதுநலன்’ என்ற பெயரில், சட்டப்படி, அதிகாரபூர்வமாக, அடிக்கல் நாட்டித் திறப்பு விழா நடத்தி, ஒவ்வொரு துண்டாக அது தின்னப்பட்டது. ‘மக்கள்’ என்று பெயர் வைத்த தோட்டத்திலிருந்து மக்கள்தான் ஆக்கிரமிப்பாளர்களாக வெளியேற்றப்பட்டார்கள். இது எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கு ‘பொது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப்பார்க்க வேண்டியிருக்கிறது.

*

தோட்டம் என்பது தமிழில் ஒருபோதும் வெறும் இயற்கை அல்ல. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலை பூப்பறிக்கப் போக வேண்டும். எந்தத் தோட்டத்துக்குப் போவது? சுதமதி புகார் நகரத்துத் தோட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். இலவந்திகையில் அரசனுடைய ஆட்கள் இருப்பார்கள், அங்கே போக முடியாது. உய்யானம் தேவர்களுக்கு உரியது, அங்கேயும் போக முடியாது. இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் உவவனம். இதைக் காவியத்து வருணனையாக மட்டும் நமக்குப் பாடம் நடத்தினார்கள். உண்மையில் அது ஓர் அதிகார வரைபடம். எந்தச் சோலைக்குள் யார் நுழையலாம், கணிகை குலத்துப் பெண் ஒருத்தி எங்கே போனால் என்ன ஆபத்து என்கிற வரைபடம். உவவனத்திலும் உதயகுமாரன் வந்து நிற்கிறான் என்பது வேறு விஷயம்.

ஆக, அரசனுக்கு ஒரு தோட்டம், தெய்வத்துக்கு ஒரு தோட்டம் என்று இருந்த மரபில் ‘மக்களுக்கு’ என்று ஒரு தோட்டம் அறிவிக்கப்பட்டது சாதாரண விஷயமில்லை. ஆனால் அறிவித்தது யார், எப்போது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1857 கலகம் நடந்து இரண்டு வருஷம். கம்பெனி ஆட்சி போய் ராணியின் நேரடி ஆட்சி வந்து ஒரு வருஷம். டிரெவெல்யன் யாரென்றால், 1840களில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தைக் கையாண்டவர். அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள். உதவி அதிகம் செய்தால் ஏழைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற பொருளாதாரக் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்று ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. அதே மனிதர் சென்னைக்கு வந்து பூங்கா போடுகிறார். முரண் மாதிரித் தெரியும். முரணே இல்லை.

இங்கிலாந்தில் பொதுப்பூங்கா என்ற கருத்தே தொழிலாளர்களைப் பற்றிய பயத்திலிருந்து பிறந்தது. 1833இல் பாராளுமன்றக் குழு ஒன்று தொழில் நகரங்களில் பொது உலாவிடங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1847இல் பிர்க்கன்ஹெட்டில் பொதுப்பணத்தில் பூங்கா திறந்தார்கள். ஆலைத் தொழிலாளி சாராயக்கடைக்குப் போகாமல், கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்பாமல், மனைவி மக்களோடு சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, மேல்தட்டுக்காரர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தானும் அப்படி நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம். அந்தச் சொல்லாடலில் ‘மக்கள்’ என்பவர்கள் உரிமையாளர்கள் அல்லர், திருத்தப்பட வேண்டியவர்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதை அளந்து ஊற்றியவரும், சென்னையில் காற்றையும் மரநிழலையும் அளந்து கொடுத்தவரும் ஒரே ஆளாக இருப்பதில் வியப்படைய ஒன்றுமில்லை. டிரெவெல்யன் தோட்டம் வளர்ந்ததைப் பார்க்கவில்லை. வருமான வரியை எதிர்த்துத் தன் அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860இலேயே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். அவர் நினைவாக ஒரு நீரூற்று மட்டும் விக்டோரியா ஹால் வளாகத்தில் நின்றது.

*

பூங்காவின் உயிரான பகுதி மிருகக்காட்சி சாலை. எட்வர்டு பால்ஃபர் 1855இல் அருங்காட்சியகத்தில் அதைத் தொடங்கினார். கர்நாடக நவாப் தன்னிடமிருந்த மிருகங்களைக் கொடுத்தார். அந்த வருஷமே நவாப் குலாம் கௌஸ் கான் இறந்துபோனார், வாரிசு இல்லை என்று சொல்லிக் கம்பெனி நவாப் பட்டத்தையே எடுத்துக்கொண்டது. அரசனின் விலங்குகள், பிறகு மியூசியத்தின் விலங்குகள், 1860களின் தொடக்கத்தில் மக்கள் பூங்காவின் விலங்குகள். இலவந்திகையிலிருந்து உவவனத்துக்கு வந்த புலிகள் என்று சொல்லலாம்.

இங்கே சென்னை ஜனங்கள் ஒரு வேலை செய்தார்கள். எழும்பூர் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. என் ஆயா சூளையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கடைசிவரை மியூசியம், ஜூ என்ற சொற்கள் நாக்கில் வரவேயில்லை. “காணும் பொங்கலுக்கு மின்ன செத்த காலேஜு, அப்பால உசுரு காலேஜு. கட்டுசோறு கட்டிக்கினு காலிலே கௌம்பிருவோம்” என்பாள். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நான் இதை ஒரு விமர்சனமாக வாசிக்கிறேன். கல்வி என்ற பெயரில் தங்களுக்குக் காட்டப்பட்டது என்ன என்பதை அவர்கள் இரண்டே சொல்லில் வகைப்படுத்திவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு சனம், தனக்கு நுழைவு கிடைத்த இரண்டு இடங்களுக்கும் காலேஜ் என்று பெயர் வைத்தது கிண்டலா, ஏக்கமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சந்தை, தோட்டம், அருங்காட்சியகம் முதலியவற்றை ‘வேற்றிடங்கள்’ என்று ஃபூக்கோ 1967 உரையில் பேசினார். அன்றாட ஒழுங்குக்கு வெளியே, ஆனால் அந்த ஒழுங்குக்குள்ளேயே இருக்கும் இடங்கள். நல்ல கருத்துதான். ஆனால் கட்டுசோறோடு உள்ளே வருகிறவள் அந்த இடத்துக்கு என்ன பெயர் வைக்கிறாள் என்று கேட்க ஃபூக்கோவுக்குத் தோன்றவில்லை.

பார்க் என்றால் ஆயாவின் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு இன்னொரு பொருள் இருந்தது: வருஷக் கடைசியில் நடக்கும் சந்தை, பார்க் கண்காட்சி. 1886 டிசம்பர் 31ஆம் தேதி அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்தது. ஓலையும் மூங்கிலுமாகக் கட்டிய கொட்டகைகள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். டிரெவெல்யன் செத்ததும் அதே 1886இல்தான், லண்டனில். அன்றைய சென்னையில் தீ விபத்து, வெள்ளம், ரயில் கவிழ்ந்தது, கொலை என்று எது நடந்தாலும் சிந்து கட்டிக் காலணாப் புத்தகமாகப் போட்டு முச்சந்தியில் பாடி விற்பார்கள். பார்க் டவுனை ஒட்டிய குஜிலி பஜார்தான் அந்த எழுத்துக்கு ஊர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) வந்த பிறகுதான் நம்முடைய தமிழ்த் துறைகளுக்கு இப்படி ஓர் இலக்கியம் இருந்ததே உறைத்தது. நான் எம்.ஏ. படித்த இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் யாரும் எங்களைத் திருப்பிவிடவில்லை. நகரத்தின் நினைவை அரசாங்கக் கெஜட்டில் தேடுகிறோம், அது காலணாச் சாணித்தாளில் கிடந்திருக்கிறது.

*

சரி, பூங்கா எப்படிப் போயிற்று?

முதலில் விக்டோரியா ஹால். 1883இல் அடிக்கல், 1888 வாக்கில் திறப்பு. பூங்கா நிலத்தில் 57 கிரவுண்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். கிரவுண்டுக்கு எட்டணா. ராஜாக்களும் ஜமீன்தார்களும் கனவான்களும் பணம் கொடுத்தார்கள். ஹேபர்மாஸ் சொன்ன முதலாளிய ‘பொதுக்களம்’ சென்னையில் எங்கே உருவாயிற்று என்று கேட்டால் இந்தக் கட்டிடத்தைக் காட்டலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. 1897இல் சென்னைக்குச் சலனப்படம் வந்தபோது காட்சி நடந்ததும் இங்கேதான். படித்தவர்கள் கூடி விவாதிக்க ஓர் அறை. அந்த அறைக்கு இடம் கிடைத்தது எங்கிருந்து என்றால், படிக்காதவர்கள் நடந்து திரிந்த தரையிலிருந்து. பொதுக்களத்துக்காகப் பொதுவெளி சுருங்கியது. ஹேபர்மாஸைத் தமிழில் அறிமுகப்படுத்துகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

அடுத்து மூர் மார்க்கெட். 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயர். இது ஏன் கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பிராட்வேயில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சிறுவியாபாரிகளை அங்கிருந்து எடுத்து உட்கார வைக்கக் கட்டியது. அதாவது, பழைய மெட்ராஸின் மிகப் பெரிய ஏக்கப் பொருளான மூர் மார்க்கெட் தன்னளவில் ஒரு வெளியேற்றத்தின் விளைவு. அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து போடுகிற இடமாகப் பூங்கா மாறத் தொடங்கியது அப்போதுதான். வந்தவர்கள் அதை உலகமாக்கிக்கொண்டார்கள். கிளியிலிருந்து கிராமபோன் தட்டுவரை, துருப்பிடித்த திருப்புளியிலிருந்து லத்தீன் அகராதிவரை அங்கே கிடைக்காதது இல்லை என்று மூத்த எழுத்தாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்தாளனாக ஆசைப்பட்ட பையன்களுக்கு நூலகக் கார்டு வாங்க யோக்கியதாம்சம் இருந்ததோ இல்லையோ, மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் நின்றபடியே அரை நாவல் படிக்க முடிந்தது. தமிழ் நவீன இலக்கியத்தின் வாசகன் ஒரு பகுதி அந்தத் தாழ்வாரத்தில்தான் உருவானான். அவனை யாரும் ‘மக்கள் பூங்காவின் பயன்’ என்று கணக்கில் எழுதவில்லை.

1913இல் ரிப்பன் கட்டிடம். நகரப் பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சி தனக்கான வெள்ளை மாளிகையைப் பூங்காவுக்குள்ளேயே கட்டிக்கொண்டது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விளையாட்டரங்கத்தின் கதை கொஞ்சம் வேறு. தெற்கிந்திய அத்லெடிக் அசோசியேஷன் மைதானம் என்றும், பிறகு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றும், பிறகு நேரு ஸ்டேடியம் என்றும் மாறிய இடம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் எடுத்த தொடக்க ஜோடி சாதனை இங்கேதான், அது 2008 வரை நின்றது. இது பத்திரிகைகளின் நினைவு. சூளை, புளியந்தோப்பு, ராயபுரத்துக் கிழவர்களிடம் கேட்டால் வேறு நினைவு வரும்: பக்கத்துக் கண்ணப்பர் திடலில் நடந்த குத்துச்சண்டைகள், எந்தப் பரம்பரைக்காரன் எத்தனையாவது ரவுண்டில் யாரைச் சாய்த்தான் என்பது. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) வந்தபோது எங்கள் தெருவில் படத்தைவிடப் படத்தில் விட்டுப்போனவை பற்றித்தான் பேச்சு அதிகம். 1993இல் மாநகராட்சி மைதானத்தை இடித்துப் புதிய நேரு ஸ்டேடியம் கட்டினார்கள். சுற்றுச்சுவரும் கேட்டும் உயர்ந்தன.

பதினோரு குளங்களில் நகரத்தின் வாயில் பெயராக நின்றது அல்லிக்குளம்தான். அந்தப் பெயரும் ஒரு கடை வளாகத்துக்குப் போயிற்று. அது எப்படி என்றால்: 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில்வேக்கு அந்த இடம் வேண்டியிருந்தது, வியாபாரிகள் காலி செய்ய மறுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் தீ. “எரிஞ்சது இல்ல சார், எரிச்சது” என்கிற வாக்கியத்தை நான் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் பலரிடம், வேறு வேறு வருஷங்களில், ஏறக்குறைய அதே தொனியில் கேட்டிருக்கிறேன். நிரூபிக்கப்பட்ட உண்மையாக அதை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் நினைவு என்பது நீதிமன்றச் சாட்சியம் அல்ல. வாய்ப்புக் கேட்காமல் வெளியேற்றப்பட்டவன் தன் வெளியேற்றத்துக்குக் காரணம் கற்பிக்கும் உரிமை அது. அந்த வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்வரை அந்தத் தீ அணையவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். வியாபாரிகளை அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பினார்கள். மூர் மார்க்கெட் இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. ரயில்வேயின் பேச்சில் அந்த முனையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றே பெயர். எரிந்ததன் பெயரை அதன் இடத்தைப் பிடித்தது சூடிக்கொண்டது. வாசலில் மூர் மார்க்கெட்டின் குட்டி மாதிரி ஒன்றும் செய்துவைத்தார்கள்.

அதே 1985 ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்தார். உயிர் காலேஜ் ஊருக்கு வெளியே போயிற்று. மிருகங்களுக்கு அது நல்லதுதான், அந்தக் கூண்டுகளை நான் கொண்டாடவில்லை. ஆனால் சூளையிலிருந்து கட்டுசோறோடு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒன்று, வண்டிச் சத்தம் கொடுத்துப் போக வேண்டிய தூரத்துக்குப் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மார்க்கெட்டும் மிருகசாலையும் ஒரே வருஷத்தில் போன பிறகு பார்க் என்ற சொல் வெறும் ஸ்டேஷன் பெயராயிற்று.

*

இந்தப் பட்டியலில் தனியார் ஆக்கிரமிப்பு என்று ஒன்றையாவது பார்த்தீர்களா? எல்லாமே பொது. பொது மண்டபம், பொதுச் சந்தை, பொது நிர்வாகம், பொது ரயில், பொது விளையாட்டரங்கம், கடைசியில் மெட்ரோ. ஒரு பொதுவை இன்னொரு பொது தின்றது. தமிழில் புறம்போக்கு என்ற சொல்லுக்கு வரிக்கணக்குக்கு வெளியே கிடக்கிற நிலம் என்றுதான் பொருள்: மந்தைவெளி, ஏரிக்கரை, சுடுகாடு. எல்லாருக்கும் உரியது என்பது காலனிய வருவாய்க் கணக்கில் யாருக்கும் உரியதல்ல என்றாகி, யாருக்கும் உரியதல்ல என்பது சர்க்காருக்கு உரியது என்றாயிற்று. சொல்லும் வசவாயிற்று. மக்கள் பூங்கா ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்ட புறம்போக்கு.

ஆனால் ‘பொது’வுக்கு இன்னொரு பொருளும் இந்த மண்ணில் உண்டாயிற்று. சென்னைத் தெருச் சண்டையில் அதைக் கேட்கலாம்: “இன்னா, உங்கப்பன் வூட்டு ரோடா? பப்ளிக் ரோடுய்யா!” கல்கத்தாவில் ஒரு பூங்காவை வீடற்றவர்கள் வாழிடமாக்கிக்கொண்டதைப் பற்றி 1997இல் சுதீப்த கவிராஜ் எழுதிய கட்டுரை இதே சொல்லைத்தான் பிடித்தது. நடுத்தர வர்க்கத்துக்குப் ‘பொது’ என்றால் விதிகளும் சுத்தமும். ஏழைக்குப் ‘பப்ளிக்’ என்றால் தன்னை யாரும் போடா என்று துரத்த முடியாத இடம். கவிராஜின் வாதம் எனக்கு உடன்பாடுதான், ஆனால் அதை ஏழ்மையோடு நிறுத்திவிட்டால் நம் ஊர் விஷயம் பாதிதான் வரும். இங்கே துரத்துவது முதலில் சாதி. ஊர்ப்பொது என்று நாம் பெருமையாகச் சொல்லும் கிணறும் குளமும் சாவடியும் சேரிக்குப் பொதுவாக இருந்ததில்லை. பீப்பிள்ஸ் பார்க் போட்டு 65 வருஷம் கழித்து, 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது: பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எதிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் போவதற்குத் தடை இருக்கக்கூடாது என்று. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ‘பொது’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் உண்மையான உரை எழுதப்பட்டது அன்றைக்குத்தான் என்பேன். டிரெவெல்யனின் ‘பீப்பிள்’ திருத்தப்பட வேண்டியவர்கள். ரெட்டமலை சீனிவாசனின் பொதுவில் இருப்பவர்கள் தடுக்கப்பட முடியாதவர்கள்.

இந்த வேறுபாடு முக்கியம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பு, நீர்நிலை மீட்பு, நகரப் பசுமை என்று இன்று இயங்குகிற நண்பர்களில் பலர் நம்மவர்கள். குளத்தைத் தூர்த்த குற்றம் 2015 வெள்ளத்தில் தெரிந்தது என்று அவர்கள் சொல்வது சரி. ஆனால் ‘மீட்பு’ என்று சொல்லும்போது எந்தப் பொதுவை மீட்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலை நடைக்கு ஐந்து மணிக்குத் திறந்து, மத்தியானம் ஆட்டோக்காரரோ கூலிக்காரரோ கண்ணயர முடியாதபடி பூட்டுகிற பூங்கா, பெஞ்சில் படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைக்கிற பூங்கா, காதலர்களைத் துரத்தக் காவலாளி வைக்கிற பூங்கா, இதெல்லாம் டிரெவெல்யன் வழி. அதை மீட்க நாம் எதற்குப் போராட வேண்டும்? ரிப்பன் கட்டிடத்தின் வெள்ளைச் சுவர் துலங்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதை நீக்கினால் அது துலங்கும் என்று நினைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி கற்பனை அல்ல. ரிப்பன் கட்டிடத்துக்கும் நேரு ஸ்டேடியத்துக்கும் அருகே சாலையோரமாகத் தலைமுறையாக வாழ்ந்துவந்த குடும்பங்களை 2002இல் அப்புறப்படுத்தினார்கள். கண்ணப்பர் திடலில் மாநகராட்சிக் கட்டிடம் ஒன்றில் தற்காலிகமாகத் தங்கவைத்தார்கள். அதாவது 1900இல் பிராட்வே வியாபாரிகளுக்குச் செய்ததேதான், பூங்காவின் ஓரத்துக்குத் தள்ளி வைப்பது. தற்காலிகம் இருபது வருஷத்துக்கும் மேல் நீண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், சேலையையும் தட்டியையும் தடுப்பாகக் கட்டிய அறைகள், அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் ஆன பிள்ளைகள். மூலக்கொத்தளத்தில் அடுக்குமாடி வீடு என்று பேச்சு வந்தபோது பயனாளிப் பங்கு என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள், அதை எதிர்த்து மறுபடி மனு, மறுபடி போராட்டம். அந்த அடுக்குமாடியும் ஒரு புறம்போக்கில் நிற்கிறதுதான்: முதல் இந்தி எதிர்ப்புப் போரில் இறந்த நடராசனையும் தாளமுத்துவையும் புதைத்த மூலக்கொத்தளம் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதி.

கண்ணப்பர் திடலில் பிறந்து வளர்ந்த ஒரு பையனிடம், உங்க வூட்டாண்ட முன்னே பெரிய பார்க் இருந்தது தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். “பார்க்கா? ஸ்டேஷன்தானே?” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “உள்ள வுடுவாங்களா?” என்று கேட்டான்.